கழற்றிப் பூட்டத் தெரிந்த ஊர்: காவிரிப் படுகையும் பசுமை வண்டிகளும்

(தஞ்சாவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத வண்டிகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தவர்கள் பெரும்பாலும் வரப்போவதைப் பற்றியே பேசுகிறார்கள். வரப்போகும் பேட்டரி, வரப்போகும் ஹைட்ரஜன், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எழும்பிய மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள். அவற்றின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிகள் ஒரத்தநாட்டுக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகின்றன என்பதுதான் எனக்குக் கவலை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காவிரிப் படுகையில் எந்த நல்ல வண்டி நிலைத்ததோ, அது ஊர்ப் பட்டறையில் கழற்றிப் பூட்ட முடிந்த வண்டியாக இருந்ததால் நிலைத்தது. அந்த வசதி இல்லாத வண்டி எவ்வளவு தூய்மையான எரிபொருளில் ஓடினாலும் இங்கே தங்காது. இதைச் சில படிகளாக எடுத்துச் சொல்கிறேன்.

1.

தஞ்சையில் நின்று இதைப் பேசும்போது ஜே.சி. குமரப்பாவிடமிருந்து தொடங்குவதே முறை. அவர் 1892 ஜனவரி 4 அன்று இந்த ஊரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதிப் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில் என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கை, 1929இல் காந்தியைச் சந்தித்த பின் கிராமத் தொழில்களின் பக்கம் திரும்பியது. 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைப்பட்டு ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது ‘எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ என்ற நூலை எழுதினார். அதில் உலகத்துப் பொருள்களை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று தேக்கம்: நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது. எடுக்க எடுக்கக் குறையும். மற்றது வரத்து: ஓடும் ஆற்று நீர், வளரும் மரம். தேக்கத்தை நம்பி வாழ்கிற பொருளாதாரம் பங்குச் சண்டையிலும் போரிலும் போய் முடியும் என்பது அவர் முடிவு.

முறைப்பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. குமரப்பாவின் கணக்கில் நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பழுது பார்க்கும் திறமையும் வரத்துதான். கை புழங்கும்வரை ஊறிக்கொண்டிருக்கும். ஒரு தலைமுறை அதைத் தொடாமல் விட்டால் வற்றிவிடும். வண்டிகளை மதிப்பிடும் கணக்குகள் எதிலும் இந்த வரத்து இடம்பெறுவதில்லை.

2.

முதலில் மாட்டுவண்டி. பழைய பாரவண்டியின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டா. பட்டாவை வட்டையைவிடச் சற்றுச் சிறியதாக அடித்து, வறட்டித் தீயில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. தச்சரும் கொல்லரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கிற வேலை. அச்சுக்கு மை கூட வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துச் செய்ததுதான். இழுத்த மாடு உம்பளாச்சேரி. சேற்றுழவுக்கென்றே இந்த மண் வளர்த்தெடுத்த இனம் அது. கன்று சிவப்பாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். இன்று அந்த இனத்தைக் காக்கக் கொருக்கை அரசுப் பண்ணை இருக்கிறது. வண்டிச்சத்தமோ ஊர்களில் அருகிவிட்டது.

அந்த வண்டியில் குறையும் இருந்தது. இரும்புப் பட்டா சாலையை அறுத்தது. அச்சு உராய்வு அதிகம். வண்டியின் பாரம் நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் இறங்கிப் புண்ணாக்கியது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி இதை ஒரு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். நாட்டில் ஒன்றரைக் கோடி அளவில் மாட்டுவண்டிகள் ஓடிய காலம் அது. விண்கலம் விடும் நாடு தன் மிகப் பெரிய போக்குவரத்துத் துறையைப் பொறியியலின் கண்ணில் படாமலே வைத்திருக்கிறது என்று அவர் ஊர் ஊராகச் சொன்னார். நல்ல பேரிங், இலேசான சட்டம், கழுத்தை உறுத்தாத நுகம் ஆகியவை அவர் கேட்டவை.

நம் பக்கத்தில் அந்த மாற்றத்தின் பெரும்பகுதியைச் செய்து முடித்தது டயர் வண்டி. 1930களில் டன்லப் நிறுவனம் மாட்டுவண்டிக்கென்று காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தது. ஆனால் அது ஊரில் பரவியது வேறு வழியில். கழித்துப்போட்ட மோட்டார் வண்டியின் அச்சும் சக்கரமும் பழைய டயரும் கிடைத்தன. உள்ளூர்த் தச்சர் மேலே பலகையும் ஏர்க்காலும் பூட்டினார். அதே மாடு ஏறக்குறைய இருமடங்குச் சுமை இழுத்தது. யாரும் இதற்கு விருது வாங்கவில்லை. இந்த வட்டாரம் கண்ட மிகப் பெரிய பசுமைப் பொறியியல் இதுதான் என்பது என் துணிபு.

இதில் இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சக்கரம் செய்யத் தெரிந்த தச்சரின் தொழில் டயர் வண்டியோடு சுருங்கியது. அடுத்து டிராக்டர் வந்தது, பவர் டில்லர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது. வயலில் விளைந்த வைக்கோலைத் தின்று, அதே வயலை உழுது, அந்த நெல்லையே களத்துக்கு இழுத்த மாட்டின் சுழற்சி அறுந்தது. இப்போது வைக்கோலை இயந்திரம் உருளையாகக் கட்டி லாரியில் வெளியூர் அனுப்புகிறது. மாட்டுவண்டிக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. திரும்ப மாடும் இல்லை, மேய்க்கும் ஆளும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படுகையில் இன்னும் மிஞ்சியிருக்கும் மாட்டுவண்டிகளில் ஒரு பகுதி கொள்ளிடத்திலும் காவிரியிலும் மணல் அள்ளப் போகிறது. வண்டி புகை விடவில்லை என்பதால் அது ஏற்றும் சுமை நியாயமாகிவிடாது. ஆற்றின் மடியைச் சுரண்டும் வண்டியைப் பசுமை வண்டி என்று அழைக்க என்னால் முடியாது.

3.

எரிபொருளை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் கரி பஸ்ஸை நினைவுகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, தமிழ்நாட்டுப் பேருந்துகள் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டிக்கொண்டு, மரக்கரியை எரித்து வரும் வாயுவில் ஓடின. கிளம்புமுன் கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கணப்பை ஏற்ற வேண்டும். எஞ்சினின் இழுவை வெகுவாகக் குறையும். உள்ளூர் மெக்கானிக்குகள் அதையும் பழகி ஓட்டிக் காட்டினார்கள். கைத்திறமைக்கு அது பெருமைதான். ஆனால் அந்தக் கரி காட்டு மரத்திலிருந்து வந்தது. பெட்ரோலுக்கு மாற்றாக வருவதெல்லாம் மண்ணுக்கு நன்மை அல்ல. போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் அந்த உருளைகளும் கழன்றுவிட்டன.

4.

இனி சைக்கிள். இந்தப் படுகைக்கு இதைவிடப் பொருந்தும் வண்டி வேறில்லை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை சுமார் 80 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் நிலம் இறங்குவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில்தான். மேடு என்று இருப்பவை ஆற்றுப் பாலங்களும் வாய்க்கால் மதகுகளும் மட்டுமே. ஆடி மாதத்து மேல்காற்று எதிர்த்தால் தவிர மிதிப்பவருக்கு இங்கே எதிரி இல்லை. சமதளத்தில் ஒரு மனிதர் நடக்கச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே அதே தூரத்தை சைக்கிளில் கடக்கச் செலவாகிறது என்று பொறியியலாளர் எஸ்.எஸ். வில்சன் 1973இல் கணக்கிட்டுக் காட்டினார்.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் நடந்ததை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். நடமாட்டமும் கல்வியின் பகுதி என்று அவர் கருதினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்பது அவர் தரும் கணக்கு.

அந்தப் பதிவில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிறிய செய்தி ஒன்று. பெண்கள் பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம் நடுவிலுள்ள பார்: அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். வடிவமைத்தவர் பெண்ணுடைய உடையை நினைத்தார். ஓட்டியவரோ தன் சுமையை நினைத்தார். ஒரு வண்டியை அதை ஓட்டுகிறவரே தேர்ந்து, தன் தேவைக்கு வளைத்துக்கொள்ளும்போது அது எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பள்ளி மாணவருக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளும் இந்த வரிசையில் வருவதே. 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சைக்கிள் இருக்கிறது. ஆனால் பஞ்சர் ஒட்டும் கடை தெருவுக்குத் தெரு குறைந்துகொண்டே போகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிள்ளை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கோ பைக்குக்கோ மாறுகிறான். சைக்கிள் செயின் துருவேறி மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. கொடுத்த அரசு, அதைக் கழற்றிப் பூட்டும் பாடத்தையும் ஒரு வாரம் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ன?

5.

‘சைக்கிளில் ஆள் போகலாம், நெல் போகுமா?’ என்று விவசாயிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. இரண்டு சிப்பம் 80 கிலோ. ஓட்டுபவர் 70, சைக்கிளும் பின்னால் பூட்டிய சிறு இழுவை வண்டியும் 30 என்று வைத்தால் மொத்தம் 180 கிலோ. நல்ல தார்ச்சாலையில், காற்று நிறைந்த டயரில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் இதை உருட்ட வேண்டிய திறன் சுமார் 50 வாட். உடல் நலமுள்ள ஒருவர் அலுப்பில்லாமல் தொடர்ந்து 75 வாட் தருவார். ஆக, இரண்டு சிப்பம் கொண்டுபோவது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டதல்ல. பழைய சைக்கிளின் இரண்டு சக்கரம், ஒரு அங்குலச் சதுரக் குழாய், ஒரு வெல்டிங் பட்டறை இருந்தால் இழுவை வண்டி தயார். சுமை தாழ்வாக உட்கார வேண்டும். சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் விழ வேண்டும். கொக்கி சைக்கிளின் பின்னச்சில் சேர வேண்டும், சீட்டுக்கம்பியில் சேர்த்தால் திருப்பத்தில் கவிழ்க்கும். பிரேக்கை மட்டும் யாரும் மறந்துவிடக் கூடாது. பாலத்திலிருந்து இறங்கும்போது 180 கிலோ பின்னாலிருந்து தள்ளும்.

ஆனால் உண்மையான சிக்கல் சாலையில் இல்லை. அது வயலுக்கும் சாலைக்கும் நடுவே கிடக்கும் இருநூறு, முந்நூறு மீட்டரில் இருக்கிறது. தாளடி அறுக்கும்போது வண்டல் இன்னும் ஈரம். ஈரக் களியில் சக்கரம் உருளத் தேவைப்படும் விசை தார்ச்சாலையில் தேவைப்படுவதைப்போல் பல மடங்கு. அங்கே சைக்கிளும் தோற்கும், மின் ஸ்கூட்டரும் தோற்கும், ‘குட்டியானை’ என்கிற சிறு சரக்கு வண்டியும் புதையும். அந்தத் தூரத்தை இன்றைக்கும் கடப்பது சுமைதூக்கும் தொழிலாளியின் தலையும் தோளும்தான். பசுமைப் போக்குவரத்து பற்றிய நம் விவாதங்கள் எல்லாம் தார்ச்சாலையில் தொடங்கித் தார்ச்சாலையிலேயே முடிகின்றன. சுமைதூக்குபவரின் முதுகெலும்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அகலமான, காற்றழுத்தம் குறைந்த டயரில் ஒற்றைச் சக்கரக் கைவண்டி ஒன்றை, வரப்பில் ஓடும்படி வடிவமைப்பது ஒரு பொறியியல் மாணவருக்குத் தகுந்த வேலை. சோலார் கார் செய்து போட்டிக்கு அனுப்புவதைவிடக் கடினமான வேலை என்றும் சொல்வேன்.

6.

மின்சாரத்துக்கு வருகிறேன். சூரியத் தகட்டை வண்டியின் மேல் பொருத்துவதை மாணவர்கள் பலர் விரும்புகிறார்கள். திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோது வடிவமைத்த சூரியசக்தி இஸ்திரி வண்டியை அறிவீர்கள். 2020இல் ஸ்வீடனின் சிறார் காலநிலைப் பரிசு அதற்குக் கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அவர் பேசினார். அந்த வடிவமைப்பு வெற்றி பெறுவதன் காரணம் நுட்பமானது. இஸ்திரி வண்டி பெரும்பாலான நேரம் தெருவில் நின்றபடி இருக்கிறது. நிற்கும் வண்டியில் தகடு வெயிலைக் குடிக்கும். எரித்துக்கொண்டிருந்த கரிக்கு அது நேரடி மாற்று.

ஓடும் சைக்கிளில் அதே தகடு வெறும் சுமை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி 360 வாட்-மணி சக்தி கொள்ளும். மிதித்துக்கொண்டே மோட்டாரின் உதவியையும் வாங்கினால் சுமார் 30 கி.மீ. போகலாம். 100 வாட் தகடு ஒன்றை வீட்டு ஓட்டின் மேல் வைத்தால் ஒரு நல்ல நாளில் ஏறக்குறைய 400 வாட்-மணி தரும். பேட்டரி நிறைந்துவிடும். தகடு கூரையிலும், பேட்டரி வண்டியிலும் இருப்பதே சரி. தகடு இல்லாதவர் வீட்டு மின்சாரத்தில் ஏற்றினாலும் இழப்புகளைச் சேர்த்து நாளுக்கு அரை யூனிட்டைத் தாண்டாது. இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். நம் மாநிலத்து வீடுகளுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பழைய லேப்டாப் செல்களை உருவி, டேப் சுற்றி வீட்டில் பேட்டரி கட்டுவதை மட்டும் நான் வன்மையாகத் தடுக்கிறேன். 2022இல் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகே பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. சட்டம், சக்கரம், கியர், பிரேக், இழுவை ஆகிய எல்லாவற்றிலும் ஊர்ப் பட்டறை கை வைக்கலாம். செல்லில் மட்டும் கூடாது. பேட்டரிப் பெட்டியை முழுதாகக் கழற்றி வேறொன்றை மாட்டும்படி, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவும் இணைப்பும் வேண்டும் என்று கேட்பது அதனால்தான். இப்போதோ ஒரு சிறு சென்சார் போனாலும் வண்டியை நகரத்துச் சேவை மையத்துக்கு வேனில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அப்படிப் போய்வந்த வண்டியின் பசுமைக் கணக்கில் அந்த வேனின் டீசலையும் எழுத வேண்டும்.

7.

ஆள் போக்குவரத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது, அது பலரை வியப்பில் ஆழ்த்தும். லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பெட்ரோல் பைக் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 46 கிராம் கரியமில வாயு விடுகிறது. மின் ஸ்கூட்டர் 100 கி.மீ.க்கு மூன்று யூனிட் எடுத்தால், நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ என்ற வீதத்தில், கிலோமீட்டருக்கு 21 கிராம். லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் சாதாரண டீசல் பேருந்தில் 50 பேர் போனால் ஆளுக்குச் சுமார் 11 கிராம். அதே பேருந்தில் 10 பேர் மட்டும் இருந்தால் 54 கிராம். பைக்கைவிட மோசம். ஆக, பேருந்தின் பசுமையை முடிவு செய்வது அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதும், அவர்களை ஏற வைக்கும் கால அட்டவணையும்தான். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம் வந்தது. 2025 ஜூனில் இதே தஞ்சையில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியது. இவற்றைச் சமூக நலத் திட்டங்களாக மட்டும் பார்ப்பது போதாது. பேருந்தை நிறைக்கும் எதுவும் காற்றைக் காப்பதுதான்.

ரயிலைப் பற்றி நீளப் பேச நேரமில்லை. சில செய்திகள் மட்டும். மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் திறந்த ரயில்பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டு கட்டியது. நிலவரியோடு ரூபாய்க்கு மூன்று பை சேர்த்து வசூலித்த பணத்தில் இந்த மாவட்டம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டவாளம் அது. இதே வட்டாரத்தின் திருவாரூர்–காரைக்குடிப் பாதை அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 2019இல் திறந்தபோது, கேட் கீப்பர்கள் போதாமல் ரயிலிலேயே வந்த ஊழியர் இறங்கிக் கேட்டை மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு, மீண்டும் ஏறிப் போனார். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிப் பாதை 2023இல்தான் திரும்பி வந்தது. பாதை மூடிக்கிடந்த ஆண்டுகளில் மக்கள் பைக் வாங்கிவிட்டார்கள். ஒருமுறை பைக் வாங்கியவரை ரயிலுக்குத் திருப்புவது பாதை போடுவதைவிடக் கடினம்.

8.

கடைசியாகச் சட்டம். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட மின்சைக்கிளுக்குப் பதிவோ ஓட்டுநர் உரிமமோ வேண்டியதில்லை. நீலகிரிக்குப் போதாத 250 வாட், திருத்துறைப்பூண்டிக்குத் தாராளம். 300 கிலோ சுமையோடு மொத்தம் 400 கிலோ இருந்தாலும் சமதளத்தில் மணிக்கு 10 கி.மீ. போக 110 வாட் அளவே தேவை. பாலம் ஏறும்போது கியர் மாற்ற வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மாதிரி வண்டிக்கு அங்கீகாரம் பெற, சோதனை நிலையத்துக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும். இந்த முறை தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து அமைந்தது. ஆண்டுக்குப் பத்து வண்டி கட்டும் அம்மாப்பேட்டைப் பட்டறைக்கு அந்த வாசல் திறப்பதில்லை. சான்று இல்லாமல் கட்டினால் குற்றம், கட்டாமல் விட்டால் தொழில் இல்லை.

என் யோசனை இது. படுகைக்கான சுமை மிதிவண்டிக்கு ஒரே ஒரு பொது வடிவமைப்பை அரசு பாலிடெக்னிக் ஒன்று வரையட்டும். சட்டக் குழாயின் தடிமன், பிரேக்கின் அளவு, பேட்டரிப் பெட்டி உட்காரும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். அதற்கு அரசு செலவில் ஒருமுறை சான்று வாங்கட்டும். வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு எல்லாப் பட்டறைக்கும் கொடுக்கட்டும். கட்டி முடித்த ஒவ்வொரு வண்டியையும் பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் சுமையேற்றி, பாலத்தின் சரிவில் பிரேக் பிடித்துப் பார்த்து முத்திரை குத்தட்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம், ஓர் அரசாணை போதும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய அளவெடுப்பு வேலை ஒன்று மாணவர்களுக்கு இருக்கிறது: வரும் சம்பா அறுவடையில் உங்கள் ஊர் வயலிலிருந்து கொள்முதல் நிலையம்வரை எத்தனை மீட்டர் சேறு, எத்தனை மீட்டர் மண்பாதை, எத்தனை மீட்டர் தார், நடுவில் எத்தனை மதகு, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். அந்த அளவுகள் கையில் இருந்தால்தான் வரைபடத்தின் முதல் கோட்டைப் போட முடியும்.